சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண்

எங்கள் காம்பராவுக்குத் தரை என்று ஒன்று இருந்ததைக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. அதற்கு முன்னால் அடுப்பு எரிக்க ஓர் இஸ்தோப்பு. வீடென்றால் அவ்வளவுதான். அந்த ஓர் அறைக்குள் கோதுமை மாச் சாக்கு, அரிசி டின், என் தகரப் பெட்டி, மழைக்குப் பயந்து உள்ளே ஏற்றிய விறகு, கம்பளிகள், கொழுந்துக் கூடை, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ட கடதாசிகள் இருந்த பிஸ்கட் டின், எப்போதோ ரேடியோ இருந்த ஒரு வெறும் அட்டைப்பெட்டி. ரேடியோ பழுதாகி எங்கேயோ போய்விட்டது, பெட்டியை மட்டும் என் வீட்டுக்காரர் தூக்கிப் போட விடவில்லை. இவ்வளவும் நான்கு பக்கமும் சுவரோரம் ஏறி நிற்கும். நடுவில் மிஞ்சிய இடத்தில் சாக்கை விரித்து நானும் அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் வரிசையாகப் படுப்போம்.

பின்சுவர் மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. மழை பிடித்துவிட்டால் அந்தச் சுவர் இரண்டு மாதத்துக்கு அழுதுகொண்டே இருக்கும். அந்த ஈரம் தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சாக்குக்கு ஏறி, சாக்கிலிருந்து எங்கள் முதுகுக்கு வரும். எங்களுக்கு அது பழகிப்போனது. சின்னவளுக்குப் பழகவில்லை.

அவளுக்கு அப்போது நாலு வயது. பிறந்த வருஷத்திலிருந்தே இழுப்பு. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது இன்னொரு சத்தம். கேத்தல் கொதிக்கப் போகும்போது ஒரு சத்தம் போடுமே, அது மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியேதான் நான் தூங்குவேன், அதைக் கேட்டபடியேதான் எழுந்திருப்பேன். முந்தின வருஷ மழையில் உதடெல்லாம் நீலம் பாரித்து, அவளைக் கம்பளியில் சுற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடையும் ஓட்டமுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்து வந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் அது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஐயா அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே இந்தப் பிள்ளையத் தரையில போடாதீங்க. ஈரம் நேரா நெஞ்சுக்கு ஏறுது. போன மழைக்குப் பொழச்சிருச்சு. வர்ற மழைக்கும் அப்பிடியே நடக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அடுத்த மழைக்கு இரண்டு மாதம் இருந்தது. வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் கொழுந்து அரைக்கிற மெஷினோடு வேலை செய்கிறவர். மெஷின் போடுகிற சத்தத்தில் பேசிப் பயனில்லை என்பதாலோ என்னவோ, வீட்டிலும் பேச்சு குறைவு. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கட்டில் வாங்கலாம். போட எடம் எங்க?"

அதுதான் விஷயம். கட்டிலைப் போட்டால் சாமான் வெளியே போகவேண்டும். சாமானைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினால் அந்த ஈரத்தில் மா கட்டி பிடித்துவிடும், கம்பளி பூஞ்சணம் பூத்துவிடும். ஆகவே எங்களுக்கு வேண்டியது வெறும் கட்டில் இல்லை. வயிற்றுக்குள் ஒரு வீட்டையே வைத்துக்கொள்ளக்கூடிய கட்டில்.

முதலில் வந்தது ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட இரும்புக் கட்டில். உயரமானது. கீழே பலகை அடித்துச் சாமான் வைக்கலாம் என்று அவர் கேட்டு வாங்கி வந்தார். பக்கத்து வீட்டக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, "அதுல எத்தன பேரு கண்ண மூடுனாங்களோ" என்றார். எனக்குப் பேய் பிசாசில் பயமில்லை, உயிரோடிருக்கிறவர்களோடேயே மல்லுக்கட்ட நேரம் போதவில்லை. பிரச்சினை வேறு. அதில் ஒரு ஆள்தான் படுக்கலாம். சின்னவளை மேலே போட்டோம். விடிந்து பார்த்தால் கீழே எனக்கும் பெரியவளுக்கும் நடுவே புகுந்து தரையில் கிடக்கிறாள். மறுநாளும் அப்படியே. நாலு பேரும் ஒரே கம்பளிக்குள் ஒருவர் சூட்டில் ஒருவர் படுத்து வளர்ந்த பிள்ளை, தனியே மேலே எப்படித் தூங்கும்? மூன்றாம் நாள் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போனோம். ஒரு தளபாடக் கடையில் அந்தக் கட்டில் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைப் பிளந்துவிட்டேன். கண்ணாடி மாதிரி மெருகு போட்ட மரம். கீழே இரண்டு பக்கமும் மூன்று மூன்று லாச்சி. ஒவ்வொன்றுக்கும் பித்தளைப் பிடி. கடைக்காரர் ஒரு லாச்சியை இழுத்துக் காட்டினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதைத் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு.

நான் தரையைப் பார்த்தேன். லாச்சி இழுபட்டு வெளியே வந்து நிற்க இரண்டடி வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இரண்டடி எங்கே?

"இத இழுத்தா எங்கங்க வந்து நிக்கும்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அதுக்கு வீட்டக் கொஞ்சம் பெருசாக் கட்டிக்கணும்மா."

வீடு எங்களுடையதில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தோட்டத்து ஐயாமாரைக் கேட்கவேண்டும். அது கடைக்காரருக்கும் தெரியும். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் வரும்போது, "என்னா வழுக்கு, பாத்தியா புள்ள" என்றார், பெருமூச்சோடு. அந்த லாச்சியை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

தோட்டத்துக்குக் கீழே ஆற்றங்கரைக் கிராமத்தில் ஒரு சிங்களத் தச்சர் இருந்தார். பாஸ் என்றுதான் எல்லாரும் சொல்வோம். தங்கச்சி என்பதற்கு நங்கி என்பார். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

"எத்தன பேர் படுக்கிறது?"

"நாலு பேரு. வரிசையா."

"அப்ப கட்டில் இல்ல நங்கி. ஒங்களுக்கு மேடை ஓணும். சொவத்துக்குச் சொவர். மேல பலகை, தூக்கினா தொறக்கும். உள்ளுக்கு முழுக்கப் பெட்டி, தரையில படாம குட்டைக் கால். லாச்சி எதுக்கு? மேல தொறக்கிறதுக்கு எடம் ஓணாமே!"

மேலே ஆகாயத்தைப் பார்த்துத் திறக்கிற பெட்டிக்குத் தரை எதற்கு? ஹட்டன் கடையில் மெருகு போட்டவருக்குத் தோன்றாதது, மரத்தூளுக்குள் உட்கார்ந்திருந்த இந்த மனுஷருக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது.

"சொவர் நீளம் மட்டும் கொண்டு வாங்க" என்றார்.

எங்களிடம் அளவு நாடா ஏது? ஒரு சனிக்கிழமை மழைத் தூறலில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த கையோடு, என் கூடைக் கயிற்றை அவிழ்த்து ஒரு முனையைப் பின்சுவரில் வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொன்னேன். முன்சுவர் வரை இழுத்து, தொட்ட இடத்தில் இறுக்கி ஒரு முடிச்சு. கயிற்றை அடுப்புக்கு மேலே காயப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாஸ் நீட்டிப் பிடித்து அளந்து, பலகைத் துண்டில் எழுதிக்கொண்டு, கயிற்றைத் திருப்பித் தந்தார். விலையைச் சொல்லி இன்றைக்கு யாரையும் சிரிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

கட்டில் வைகாசிக் கடைசியில் வந்தது. பலகையும் சட்டமுமாக நாலு பேர் தோளில் ஏறி வந்தது. எங்கள் லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அன்று காலையிலேயே தூறல் ஆரம்பித்திருந்தது. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் நெஞ்சு என் கையின் கீழே கேத்தலைப் போலச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

உள்ளே பாஸ் சட்டங்களைப் பூட்டினார். நீளச் சட்டத்தைப் பொருத்தும்போது அது சுவரில் முட்டியது. தட்டிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். நாலு விரல் நீளம் கூட.

"நான் கயிறு அளவுக்குத்தான் வெட்டினது" என்றார் முகம் சிவந்து.

"நான் சொவரு அளவுக்குத்தான் முடிச்சுப் போட்டேன்" என்றேன் நானும்.

கயிற்றைக் கொண்டுவந்தோம். அன்றைக்குக் காலை அரைநாள் தூறலில் கொழுந்துக்குப் போய் வந்த கயிறு. முடிச்சு அப்படியே இருந்தது. சுவரில் வைத்துப் பிடித்தோம். முடிச்சு சரியாகச் சுவரில் வந்து உட்கார்ந்தது. பாஸ் கயிற்றைத் தொட்டார். ஈரம். என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும்; அளந்தது நனைந்த கயிறு, கொடுத்தது காய்ந்த கயிறு. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். மழையில் கூடை முதுகில் ஏறிக் கழுத்தை இழுப்பதும், வெயிலில் இறங்கி இடுப்பில் இடிப்பதும் என் உடம்புக்குத் தெரியும். அளக்கும்போது மட்டும் புத்தி எங்கே போனது? பக்கத்து வீட்டக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

"வெட்டுங்க" என்றேன்.

"நாலு விரல் மட்டும் வெட்டேலாது நங்கி. அந்த எடத்தில குறுக்குச் சட்டம் இருக்கு. அதுக்கு இந்தப் பக்கம்தான் வெட்டணும்."

அறைக்குள்ளேயே உட்கார்ந்து அறுத்தார். வாளின் ஒவ்வோர் இழுப்புக்கும் என் பெட்டியில் ஒரு கூடை இடம் குறைகிற மாதிரி இருந்தது. அறுத்து, பூட்டி, மேல்பலகைகளைப் போட்டார். பின்சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எதற்கும் உதவாத ஒரு சாண். சீப்பும் கரண்டியும் பிள்ளைகளின் பந்தும் விழுந்து தொலைவதற்கென்றே விட்ட மாதிரி ஒரு சாண்.

"பலகை ஒண்டு கொண்டு வந்து இத அடைச்சுத் தாறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் பெட்டியை நிரப்பினோம். அந்தப் பகல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாச் சாக்கு உள்ளே போனது. அரிசி டின், தகரப் பெட்டி, கம்பளிகள், கடதாசி டின், பெரிய சட்டிகள், காய்ந்த விறகு, ரேடியோ இல்லாத ரேடியோப் பெட்டிகூட. போட்டுக்கொண்டே இருந்தோம், போய்க்கொண்டே இருந்தது. "இன்னும் எடம் இருக்கும்மா, இன்னும் எடம் இருக்கு" என்று பெரியவள் உள்ளே தலையை விட்டுக் கத்தினாள். பலகையை மூடினோம். ஒன்பது வருஷத்துக் குடித்தனம் மொத்தமும் காணாமல் போய்விட்டது. மேலே வெறும் பலகை, சுத்தமாக, கோயில் மண்டபத்து மேடை போல.

பிறகுதான் தரையைப் பார்த்தோம். மிச்சமிருந்த பாதி அறையில், சாமி படம் மாட்டிய சுவரிலிருந்து வாசல்வரை, வெறும் சீமெந்துத் தரை. மாச் சாக்கு நின்ற மூலையில் ஒரு குழி மாதிரி தெரிந்தது. கூட்டிப் பார்த்தேன். குழியில்லை, பாதம். சின்னக் குழந்தையின் இடது பாதம், ஐந்து விரலோடு. யாரோ சீமெந்து பூசி முடித்த அன்று, காயுமுன் ஒரு பிள்ளை ஓடி வந்து மிதித்திருக்கிறது. அதன் பேர் யாருக்கும் தெரியாது. அது எந்த ஊருக்குப் போனதோ, வளர்ந்ததோ இல்லையோ. சின்னவள் போய் அதில் தன் காலை வைத்தாள். அளவு சரியாக இருந்தது. காலை எடு என்று அதட்டினேன். ஏன் அதட்டினேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என்ன ஆனதென்று தெரியாமல் இவளுடைய காலை அதில் பார்க்க என்னால் முடியவில்லை.

சாமான் ஏறியதும்தான் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. "கட்டிலப் பின்னால தள்ளிட்டா அந்தச் சந்து மறைஞ்சிரும்ல?" தள்ளினோம். அசையவில்லை. லயத்தில் இருந்த ஆம்பிளைகளைக் கூப்பிட்டும் அசையவில்லை. மறுபடி எல்லாவற்றையும் இறக்க யாருக்கும் தெம்பில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சின்னவளைப் பின்சுவர்ப் பக்கம் கடைசியில் போட்டேன், வாசல் காற்று படக்கூடாதென்று. அவளுக்கு அடுத்து நான், பிறகு பெரியவள், பிறகு அவர்.

மழை பிடித்துக்கொண்டது. ஆனி மாதம் முழுக்க வெயிலை நாங்கள் பார்க்கவில்லை. முதல் வாரம் சின்னவளுக்கு இழுப்பு இருந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். டிக்கோயாவுக்குத் தூக்கிப் போகும் கம்பளியைத் தனியே மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.

ஒருநாள் விடியற்காலை தலைவாரும்போது சீப்பு அந்தச் சந்துக்குள் விழுந்தது. திட்டிக்கொண்டே குப்புறப் படுத்துக் கையை விட்டேன். சுவரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கசிவு இல்லை, ஓட்டம். புறங்கையை அதில் உரசி நனைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கட்டில் பலகையைத் தொட்டேன். காய்ந்திருந்தது. மறுபடி தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. நனைந்த புறங்கையில் மெல்லக் காற்று ஓடியது. பலகையைத் தூக்கிக் கம்பளிகளை எடுத்து மூக்கில் வைத்தேன். பூஞ்சண மணமில்லை. வருஷம் தவறாமல் ஆனியில் கட்டி பிடிக்கும் மா, விரலில் மெத்தென்று உதிர்ந்தது.

அந்த ஒரு சாண் எதற்கென்று அப்போது எனக்குப் புரிந்தது. அழுகிற சுவரை என் பிள்ளையிடமிருந்து தள்ளி வைத்திருந்தது அது. யாரும் யோசித்துச் செய்ததில்லை. பாஸ் யோசிக்கவில்லை, நான் யோசிக்கவில்லை. என் அளவு மட்டும் சரியாக இருந்திருந்தால், சுவரில் முட்டி நிற்கும் கட்டிலில் அவளைப் படுக்க வைத்து, நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். கம்பளிகளை மடித்து உள்ளே வைத்துப் பலகையை மூடினேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பாஸ் சொன்ன சொல் தவறாமல் பலகையோடு மழையில் நனைந்து வந்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அடைக்க வேணாம் பாஸ்."

"ஏன் நங்கி? சாமான் விழுமே."

"விழட்டும். கைய விட்டுப் பாருங்க."

அவர் கட்டிலில் முழங்காலிட்டுக் கையை விட்டார். சுவரைத் தொட்டார், பலகையைத் தொட்டார். பிறகு தூங்கிக்கொண்டிருந்த சின்னவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, கொண்டு வந்த பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டு விழித்தேன். அது நின்றது. அதன் பிறகு கேட்கவேண்டிய சத்தம் கேட்கவில்லை.

நாலு வருஷமாக ஒரு காலைகூடத் தவறாத சத்தம். அறைக்குள் ஒன்றுமில்லை. வெளியே மழை கூரைத் தகரத்தில் விழுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. அவளைத் தொடக் கை வரவில்லை. பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன். வாய்விட்டு அலறப் போனவள், கையை மட்டும் நகர்த்தி அவள் நெஞ்சில் வைத்தேன். சூடாக இருந்தது. மேலே வந்தது. கீழே போனது. மறுபடி மேலே வந்தது. சத்தமில்லாமல்.

ஆரோக்கியமான பிள்ளை தூங்கும்போது சத்தமே வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெரியவளைப் பெற்று வளர்த்தவள்தானே நான். ஆனால் இவளும் அப்படித் தூங்க முடியும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரை உலுக்கி எழுப்பினேன். பதறி எழுந்தார். "என்னா? என்னா ஆச்சு?"

"கேளுங்க" என்றேன்.

அவர் குனிந்து காதை வைத்தார். ஒன்றும் கேட்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்தார். அந்த இல்லாத சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அடுப்பு மூட்டவில்லை. பெரட்டுக்கும் போகவில்லை. இழுப்பு அதன் பிறகும் சில வருஷம் வந்து போயிற்று, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மடித்து வைத்த அந்தக் கம்பளியை டிக்கோயாவுக்கு நான் பிறகு எடுத்துப் போகவேயில்லை.

அன்று மலைக்குப் போனபோது எல்லாரும் ஆளுக்கொரு தேயிலை நிரை பிடித்துவிட்டார்கள். கங்காணி குடையும் கையுமாக நின்றார்.

"என்னா இவ்வளவு நேரம்? அரைப் பேருதான் இன்னைக்கு, அரைநாள் சம்பளந்தான், தெரியும்ல?"

"போடுங்க கங்காணி. சின்னவ தூங்கிக்கிட்டு இருந்தா. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

போன வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடியதைப் பார்த்தவர்தான். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "சரி போ, போய் நெரயப் புடி" என்றார்.

கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மழையில் கயிறு நனைந்து சுருங்கி, கூடை முதுகில் ஏறிக் கழுத்தை இழுத்தது. அன்றைக்கு நான் அதைத் திட்டவில்லை.